கடைசி வீட்டு நட்சத்திரம்

– சிரிக்காதீங்க அண்ணே. அந்தப் புரொஃபசர் சொன்னதுல என்ன தப்பு?

– என்ன தப்பா? அரே ஹில்டா, படத்துல ஒரு ஆடு குறுக்கால போச்சு. ஷூட்டிங் நடக்கற எடத்துல ஆடு வரும், நாய் வரும். 'விரட்ட விரட்டத் திரும்பி வந்துச்சு, போய்த் தொலைன்னு விட்டுட்டேன்'னு படம் எடுத்த நம்ம ஸ்டான்லியே எங்கிட்ட சொன்னான். இந்தாளு படம் முடிஞ்சதும் எழுந்து நின்னு, 'அந்த ஆடுதான் பலியாகப் போற தேவ ஆட்டுக்குட்டி'ங்கறான். பின் வரிசையில ஒருத்தன், 'இல்ல சார், அது சுரண்டப்படற வர்க்கம்'ங்கறான். ஆடு பாவம், புல்லுக்கு வந்துச்சு.

– ஆட்டை விடுங்க. நட்சத்திரத்தைப் பத்திச் சொன்னாரே?

– ம்.

– என்ன ம்? அந்த அம்மா வாசல்ல தொங்கற காகித நட்சத்திரத்தை உள்ள இழுத்து, மெழுகுவத்திய ஊதி அணைக்கற எடம். 'ராஜாக்களுக்கே வழி காட்டின நட்சத்திரம், இந்த வீட்டுக்கு மட்டும் யாரும் வந்துடக் கூடாதுன்னு அணையுது'ன்னு அவர் சொன்னப்போ எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு. அப்புறம்தான் உறைச்சுது. ஐயோ, இது நம்ம அம்மால்ல!

– ஹவ், ஆமா. நம்ம அம்மா, நம்ம வாசல், நம்ம நட்சத்திரம். தொடப்பத்துல ஈர்க்குச்சி உருவி அதைக் கட்டினதே நான்தான். எனக்குச் சிலிர்க்கல மா. நம்ம தம்பி நம்ம வீட்டுக் கதவைத் தொறந்து ஊருக்கே காட்டிட்டான்.

– படம் நல்லாத்தான் இருக்கு அண்ணே. அதைச் சொல்லணும்.

– நல்லாருக்கு. யாரு இல்லன்னா? ஆனா ஒண்ணு கவனிச்சியா? ரெண்டு மணி நேரத்துல ஒரு ஆளு சிரிக்கல. ரயில் லைன் ஓரமா நாம பாதி எரிஞ்ச கரி பொறுக்குவோமே, அதைக் காட்டறான். புள்ளைங்க கையெல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்புக் கையை இவ்வளவு கிட்டத்துல காட்டி, பின்னாடி வயலின் வாசிக்கறான். அது என்னவோ விதியாம். அரே, அந்தக் கரியை வெச்சு நாம மீசை வரைஞ்சுக்கல? நீ தாடி வேற வரைஞ்சுட்டு வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட வாங்கிக் கட்டிட்டல்ல?

– அவனுக்கு அது ஞாபகம் இருக்காது. அவன் ரொம்பச் சின்னவன்.

– அதான். அவனுக்கு ஞாபகம் இருக்கறது ஒரே ஒரு சாயங்காலம். அதை வெச்சு மொத்த வீட்டையும் கட்டியிருக்கான்.

– அந்தச் சாயங்காலத்தை அம்மா பாக்கக் கூடாது. அதுக்குத்தான் உங்களை இங்க கூட்டிட்டு வந்தேன். அம்மா பெண்கள் சங்கக் கூட்டம் முடிஞ்சு வர்றதுக்குள்ள ஒரு முடிவு பண்ணணும். இந்த அவரைக்காயைப் பிடிங்க, நார் உரிச்சுட்டே பேசுங்க.

– என்ன முடிவு? ஞாயித்துக்கிழமை சர்ச் ஹால்ல படம். பாஸ்டர் ஜேம்ஸ் ஆராதனையிலயே அறிவிச்சுட்டார். 'நம்ம சபைப் பிள்ளை ஸ்டான்லி எடுத்த படம், அவரோட தாயார் ஜெயசுந்தரி அம்மா முன் வரிசையில'ன்னு. அம்மா புடவைக்கு இஸ்திரி கூடப் போட்டாச்சு. இப்ப போய் வராதீங்கன்னா?

– அதனாலதான் சொல்றேன். உங்களுக்கென்ன, ராமச்சந்திராபுரத்துல ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்ல இருக்கீங்க. எப்பவாவது வந்து அம்மா கையால சாப்பிட்டுட்டுப் போறீங்க. அவங்களோட இந்த வீட்டுல இருக்கறது நான். அவங்க தூங்கலேன்னா எனக்குத்தான் தெரியும். லிசன், முன் வரிசையில அம்மா பக்கத்துல யாரு உக்காருவாங்க?

– யாரு?

– தேவசகாயம் அங்கிள். பாடகர் குழுத் தலைவர் வேற எங்க உக்காருவார்?

– அரே, ஆமால்ல.

– அன்னைக்குக் கிறிஸ்துமஸ் கேரல் பார்ட்டியக் கூட்டிட்டு வந்ததே அவர்தான். நம்ம கதவுக்கு வெளிய நின்னு பாடினவர். 'நாங்க அன்னைக்கு ஊர்லயே இல்ல, காசிப்பேட்டையில எங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டோம்'னு அம்மா இத்தனை வருஷமா அவர்கிட்ட சொல்லிட்டிருக்காங்க. இப்ப அவரைப் பக்கத்துல வெச்சுட்டு, நாலு பேரும் இருட்டுல கதவைச் சாத்திட்டு ஒளிஞ்சு உக்காந்திருக்கறதைத் திரையில காட்டினா? அம்மா சபையில தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா?

– நீ சொல்றது புரியுது. ஆனா ஸ்டான்லியை என்ன செய்யறது?

– ஸ்டான்லிக்கு என்ன?

– என்னவா? பம்பாய்ல இருந்து வந்தவன் செகந்திராபாத் ஸ்டேஷன் எதிர்ல லாட்ஜ்ல கெடக்கறான். இதோ இருக்கு ஹப்சிகுடா. அக்கா வீடு இருக்கு, அம்மா இருக்காங்க. ஏன் வர மாட்டேங்கறான்? ஒரு கிறிஸ்துமசுக்காவது வந்திருக்கானா? அப்பா அடக்கத்துக்கு வந்தான், மண்ணு போட்டுட்டு அன்னைக்கே ரயில் ஏறிட்டான். இன்னிக்குப் படம் முடிஞ்சு நீ வெளிய வந்து லேடீஸ்கிட்ட பேசிட்டிருந்தப்போ அவனைத் தனியா இழுத்துட்டுப் போய்க் கேட்டுட்டேன்.

– என்ன சொன்னான்?

– 'அம்மா படத்தைப் பாக்கட்டும் அண்ணே. பாத்துட்டு வான்னு சொன்னாங்கன்னா வீட்டுக்கு வர்றேன். சொல்லலேன்னா அப்படியே போயிடறேன், இனிமே இந்தப் பக்கம் வரல'ன்னான்.

– எதுக்கு? அவன் என்ன கொலையா பண்ணினான்?

– அவன் மனசுல அப்படித்தான் வெச்சிருக்கான். அன்னைக்கு அந்த நட்சத்திரத்தை ஏத்தினது யாரு?

– அவன்தான்.

– 'இந்த வருஷம் நட்சத்திரம் வேண்டாம்யா'ன்னு அம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. அப்பா மஞ்சக் காமாலையில ரயில்வே ஆஸ்பத்திரியில. சம்பளம் இல்லாத லீவு. வீட்டுல காபித்தூள்கூடக் கெடையாது. நம்மது லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் லைன்ல கடைசி வீடு. லாலாகுடா வழக்கம் என்ன? கேரல் எந்த வீட்டுல முடியுதோ, அந்த வீட்டுக்காரங்கதான் மொத்தப் பார்ட்டிக்கும் காபி, கேக், அச்சு முறுக்கு எல்லாம் குடுக்கணும். அதுக்காகத்தான் அம்மா காசிப்பேட்டைக்குப் போறோம்னு முன்னாலயே சொல்லி வெச்சாங்க. பக்கத்து வீட்டோட முடிச்சுக்குவாங்கன்னு.

– இவன் வாளியைக் கவுத்துப் போட்டு ஏறிட்டான்.

– ஏறி, நட்சத்திரத்தை மாட்டி, உள்ள மெழுகுவத்தியும் ஏத்திட்டான். அஞ்சு வயசு. அம்மா பின்பக்கம் குழாயடியில இருந்தாங்க. வெளிச்சத்தைப் பாத்துட்டு, 'அட, இவங்க ஊருக்குப் போகல போல'ன்னு மொத்தக் கூட்டமும் வந்துடுச்சு. அம்மா ஓடி வந்து, இழுத்து, அணைச்சு, கதவைச் சாத்தி, நம்மளை மூலையில தள்ளி... ஸ்டான்லி வாயைக் கையால பொத்திட்டாங்க.

– படத்துல அப்படியே எடுத்திருக்கான்.

– அப்படியேதான். ஆனா படத்துல இல்லாத ஒண்ணு சொன்னான். 'அம்மா உடம்பு குலுங்கிச்சு அண்ணே. அந்தக் குலுக்கல் இன்னும் என் முதுகுல இருக்கு. வேண்டாம்னு சொன்னதைக் கேக்காம நான் ஏத்தினேன், அதால அம்மா அழுதாங்க. எந்த ஊர்லயும் டிசம்பர்ல நட்சத்திரத்தைப் பாத்தா எனக்கு அந்தத் தெருவுல நடக்க முடியல'ன்னான். இத்தனை பெரிய ஆளு, நடு ரோட்டுல நின்னு கண்ணைத் தொடைச்சுக்கறான்.

– எங்கிட்ட அவன் இதைச் சொன்னதே இல்லயே.

– யார்கிட்டயும் சொன்னதில்ல. அந்தப் புரொஃபசர் நட்சத்திரம் நட்சத்திரம்னு அரை மணி நேரம் பேசினான்ல, இவன் தலையைக் குனிஞ்சுட்டே இருந்தான். சிம்பலாவது மண்ணாவது. அவன் அதுக்குப் பயந்து ஓடிட்டிருக்கான்.

– பாவம்.

– ஹில்டா, ஒண்ணு கேக்கறேன். நான் தாழ்ப்பாளைப் பிடிச்சுட்டுக் கதவுகிட்ட நின்னுட்டேன். கும்மிருட்டு, எனக்கு ஒண்ணும் தெரியல. நீயும் அவனும்தான் அம்மாகூட இருந்தீங்க. அம்மா அழுதாங்களா?

– எனக்கு என்ன ஞாபகம் இருக்கு? காயைக் கொண்டாங்க, அடுப்பு சும்மா எரியுது.

– எட்டு வயசுல ஞாபகம் இல்லாமலா?

– இல்லண்ணே. விடுங்க. கேட் சத்தம் கேக்குது, அம்மா வந்துட்டாங்க. நான் ஒரு பொய் சொல்றேன், நீங்க சும்மா தலையாட்டுங்க.

– நக்கோ, வேண்டாம் ஹில்டா! பொய்யெல்லாம் எனக்கு...

– ஷ்!

– ஏ சிலாசு! எப்பய்யா வந்த? வெளிய கெடக்குத செருப்பப் பாத்தேன், ஒன் செருப்பு மாதிரி இருக்கேன்னு நெனச்சேன். சாப்புட்டியா?

– இல்லம்மா, இனிமேதான். கூட்டம் முடிஞ்சுதா?

– முடிஞ்சுது. ஜெபம் கொஞ்சம், பேச்சு மிச்சம். எட்டி ஹில்டா, ஒரு சொம்பு தண்ணி கொண்டா. ரெண்டு பேரும் எங்க போயிருந்திய? மத்தியானமே வீடு பூட்டிக் கெடந்துதுன்னு எதுத்த வீட்டு வேதா சொன்னா.

– ஆபீஸ்ல கொஞ்சம் வேலை. அம்மா, சொல்ல மறந்துட்டேன். ஞாயித்துக்கிழமைப் படம் இல்லயாம். ப்ரொஜெக்டர் ரிப்பேராம்.

– அப்படியா? பாஸ்டரம்மா ஒண்ணும் சொல்லலியே. இப்பந்தான் நாக்காலி எடுக்க ஆள அனுப்பிட்டு வந்தா.

– இனிமே சொல்லுவாங்க.

– சிலாசு, நீ சொல்லு. ப்ரொஜெக்டர் கெட்டுப் போச்சா?

– அது... மெஷின்னா கெடும்தானேம்மா.

– காதப் பாரு, மெளகாப் பழம் மாதிரி செவந்துட்டு. சின்னதுலேருந்தே ஒனக்குப் பொய் வராது. சும்மா இருங்க ரெண்டு பேரும். தம்பி படத்தப் பாத்துட்டு வந்திருக்கிய. எனக்குத் தெரியும்.

– யாரும்மா சொன்னது?

– பாஸ்டர் முந்தியே பாத்துட்டாரு. சபை ஹால்ல போடுத படத்தப் பாக்காமலா போடுவாரு? அவருக்குத் தெரிஞ்சா பாஸ்டரம்மாவுக்குத் தெரியும். பாஸ்டரம்மாவுக்குத் தெரிஞ்சா செகந்திராபாத்துக்கே தெரியும். இன்னைக்கி என்னயத் தனியா உக்கார வச்சு, ஆதியோடந்தமா முழுப் படத்தயும் சொல்லிட்டா.

– நட்சத்திரத்தையுமா?

– நட்சத்திரமும், நான் அத ஊதி அணைச்சதும், கதவடச்சதும் எல்லாந்தான். சொல்லச் சொல்ல அவளுக்குத்தான் கண்ணு கலங்குது. போனா போவுதுன்னு நான்தான் அவளுக்கு டீ ஊத்திக் குடுத்தேன். அந்த நடிக்கிற பொண்ணு ரொம்ப ஒல்லியாமே? நான் அப்பம் நல்லா வாட்டசாட்டமால்லா இருந்தேன்.

– அம்மா, விளையாடாதீங்க. உங்களுக்கு வருத்தமா இல்ல? தேவசகாயம் அங்கிள் பக்கத்துல உக்காந்து எப்படிப் பாப்பீங்க? காசிப்பேட்டை, காசிப்பேட்டைன்னு இத்தனை வருஷம்...

– அவருக்கு அன்னைக்கே தெரியும்.

– என்னது?

– எட்டி, வெளிச்சத்தப் பாத்துத்தான வந்தாக, பொறவு எரியுத மெழுகுவத்திய ஊதினா வாசம் வராதா? வாசல்ல நின்ன மனுசனுக்கு மூக்கு இல்லியா? வேற ஆளுன்னா கதவத் தட்டியிருப்பான். அவரு தட்டல. 'வீட்ல யாரும் இல்ல போல, சரி, வீட்டுக்காவது ஒரு பாட்டுப் பாடிட்டுப் போவோம்'னு சத்தமா சொல்லிட்டுத்தான் பாடினாரு. எனக்குக் கேக்கட்டும்னுதான சொல்லியிருக்காரு!

– அதுக்கப்புறம் நீங்க காசிப்பேட்டைன்னு சொன்னப்போ?

– கேட்டுகிட்டாரு. வருசா வருசம் கிறிஸ்துமசுக்குக் கை குடுத்துட்டுக் கேப்பாரு, 'காசிப்பேட்டையில எல்லாரும் சொகமா?'ன்னு. நானும் 'சொகம்'பேன். எங்கக்கா போய்ச் சேந்து எத்தன வருசமாச்சு! போன கிறிஸ்துமசுக்குக்கூடக் கேட்டாரே. 'சொகந்தான்'னேன். 'ஸ்தோத்திரம்'னுட்டுப் போனாரு.

– அரே பாப்ரே! அங்கிள் அவ்வளவு ஆளா? நான் அவர்கிட்டதான பாடிட்டிருக்கேன், ஒரு நாள் வாயைத் தொறக்கலயே.

– சிரி, சிரி. லாலாகுடா லைன்ல எந்த வீட்டு ஒலையில என்ன கொதிக்குன்னு எல்லாருக்கும் தெரியும்யா. தெரியாத மாதிரி இருந்துகிடுவோம், அவ்வளவுதான். அதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. படத்த எவன் வேணும்னாலும் பாக்கட்டும். எனக்கு ஒண்ணுதான் தெரியணும்.

– என்னம்மா?

– எம்புள்ள ஊருக்குள்ள வந்துட்டு ஏன் வீட்டுக்கு வரல?

– அண்ணே, வேண்டாம்.

– நீ ஏன்டி அவன் வாய அடைக்க? சொல்லுய்யா சிலாசு.

– அம்மா, அவன் பயப்படறான்.

– யாருக்கு? எனக்கா?

– உங்களுக்குத்தான். நட்சத்திரத்தை ஏத்தினது அவன்தானே. நீங்க வேண்டாம்னு சொல்லியும் ஏத்தினான், அதைப் பாத்துத்தான் எல்லாரும் வந்தாங்க, உங்களை அழ வெச்சுட்டான்னு. அதை மனசுல வெச்சுட்டுத்தான் இத்தனை கிறிஸ்துமசும் வரல. படத்தைப் பாத்துட்டு அம்மா கூப்பிட்டா வர்றேன், இல்லேன்னா வரவே மாட்டேன்னு சொல்றான்.

– அவன் ஏத்தினதுனாலயா?

– ஹவ் அம்மா.

– இத்தன வருசமாவா?

– ஆமாம்மா.

– நான் என்ன நெனச்சேன் தெரியுமா? பம்பாய்க்குப் போயிட்டான், பெரிய ஆளாயிட்டான், நம்ம வீடு அவனுக்குச் சின்னதாப் போச்சுன்னு நெனச்சேன். கோவம் வேற பட்டேன். அவன் அனுப்பின பட்டுச் சேலைய இன்னும் பிரிக்கவே இல்ல. ஐயோ, எம்புள்ள... அஞ்சு வயசுப் புள்ளைக்கு என்ன தெரியும்? அதத் தூக்கிச் சொமந்துகிட்டா அலையுதான்?

– அழாதீங்கம்மா.

– நான் அழல. தண்ணி எங்க? இங்க குடு. சிலாசு, சரியாச் சொல்லு. அவன் என்ன சொன்னான்? நான் அழுததப் பாத்தேன்னா?

– பாக்கல. எப்படிப் பாப்பான், இருட்டுல? நீங்க அவன் வாயைப் பொத்திட்டு அணைச்சுப் பிடிச்சிருந்தீங்கல்ல, அப்ப உங்க உடம்பு குலுங்குச்சாம். அவன் முதுகுல பட்டுச்சாம்.

– குலுங்கினது வாஸ்தவந்தான்.

– ம்.

– ஆனா அழுதேன்னு அவனுக்கு எவன்லே சொன்னான்?

– பின்ன?

– சிரிச்சேன்.

– க்யா?

– சிரிச்சேன்யா. வாயப் பொத்திகிட்டு, சத்தம் வெளிய வராம, வயிறு வலிக்க வலிக்கச் சிரிச்சேன். தேவசகாயம் பாட்ட எங்க எடுப்பாருன்னு ஒனக்குத் தெரியாதா?

– தெரியாதா! இன்னிக்கும் ரெண்டு கட்டை தூக்கித்தான் எடுப்பார். ஆர்கன் ஒரு பக்கம் போகும், அவர் ஒரு பக்கம் போவார்.

– அன்னைக்கும் அப்படித்தான். எடுத்த எடுப்புல கோபுரத்துல ஏறிட்டாரு. மேல போவ மேல போவத் தொண்ட கீச்சுன்னுட்டு, கூவப் பழகுத சேவக்குஞ்சு மாதிரி. நிறுத்திட்டாரு. பொறவு கீழ எடுத்தாரு. எடுத்தா, பாதாளம்! ஒருத்தனுக்கும் சத்தமே வரல. கூட்டத்துல எவனோ ஒருத்தன், 'அண்ணாச்சி, நடுவுல எடுங்க, நடுவுல எடுங்க'ங்கான். உள்ள எனக்கு எப்படி இருக்கும்? சிரிச்சு வச்சா மாட்டிக்கிடுவோம். அடக்க அடக்கக் குலுங்குது.

– அம்மா! இருங்க, இருங்க. எனக்கு ஞாபகம் வருது. ஆமா, பாட்டை ரெண்டு தடவை ஆரம்பிச்சாங்க! ஹில்டா, படத்துலயும் ரெண்டு தடவை ஆரம்பிக்கறாங்கல்ல? அந்தப் புரொஃபசர் அதுக்குக்கூட ஒண்ணு சொன்னானே, 'தடைபட்ட ஜெபம்'னு!

– ஜெபமாவது ஒண்ணாவது. தொண்டக் கோளாறுய்யா அது.

– ஐயோ, என்னால முடியல. தடைபட்ட ஜெபம்! அந்தாளுக்கு நாளைக்கே போய்ச் சொல்லணும்.

– ஏழைன்னா எந்நேரமும் அழுதுகிட்டேவா இருப்பாக? நாம சிரிக்கலியா? இவ கரியில தாடி வரஞ்சுட்டு வந்து நின்னாளே, அன்னைக்கு அடிச்சுட்டு உள்ள போய் நான் சிரிச்ச சிரிப்பு ஒங்கப்பாவுக்குத்தான் தெரியும்.

– இதைத்தாம்மா நானும் சொன்னேன்! படத்துல ஒருத்தனும் சிரிக்கலன்னு இவகிட்ட இப்பத்தான் சொல்லிட்டிருந்தேன். ஹில்டா, கேட்டியா? அம்மா சிரிச்சிருக்காங்க. அந்தப் பய முட்டாள்தனமா அழுதாங்கன்னு நெனச்சுட்டு, அதுக்கு ஒரு படம் வேற எடுத்து... ஏன் ஹில்டா, நீ சிரிக்கவே மாட்டேங்கற?

– கேட்டுட்டுத்தான் இருக்கேண்ணே. சாதம் குழைஞ்சுடும், அதைப் பாக்கறேன்.

– ஆனா அம்மா, ஒரு விஷயம். அந்த அம்மா இருட்டுல அழற எடத்துக்குத்தான் டெல்லியில படம் போட்டப்போ எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்களாம். சிரிச்சாங்கன்னு தெரிஞ்சா, படமே தப்புன்னு ஆயிடாதா? அவனுக்குக் கஷ்டமா இருக்காது?

– படம் அது பாட்டுக்கு அழுதுட்டுப் போவட்டும். அழுதாத்தான் நல்லாருக்குன்னா அழட்டும். எம்புள்ள அழ வேண்டாம். ஞாயித்துக்கெழம வரைக்கும் எதுக்குக் காக்கணும்? இப்பமே போ. 'அம்மா அன்னைக்கிச் சிரிச்சாளாம், ஒன் நட்சத்திரத்தால ஒரு கெடுதலும் வரல, அத ஏத்தினதுனாலதான் அந்த வருசம் எங்களுக்குச் சிரிக்க ஒண்ணு கெடச்சுது'ன்னு சொல்லு. சொல்லிக் கையோட கூட்டிட்டு வா. இன்னைக்கிச் சாப்பாடு அவனுக்கு இங்கதான்.

– நம்ப மாட்டேன்னான்னா?

– நீ சொன்னா நம்புவான். தேவசகாயம் மாதிரி ஒரு கீச்சுக் கீச்சிக் காட்டு.

– அரே, அதை நான் ரொம்ப நல்லாச் செய்வேன். சபையில பசங்க கேட்டா அதைத்தான் செஞ்சு காட்டறது. இதோ கெளம்பறேன். தார்நாக்கா வரைக்கும் நடந்தா பஸ் கெடைக்கும்.

– பஸ்ஸெல்லாம் வேண்டாம், ஆட்டோ புடி. திரும்பி வரும்போதும் ஆட்டோ.

– ஹவ், ஹவ். ஹில்டா, ரெண்டு பேருக்கும் சேத்து வை. அம்மா, நெஜமாவே எனக்கு மனசு லேசாயிடுச்சு. இத்தனை நாள் எனக்கும் அதைப் பத்திக் கேக்கத் தைரியம் வரல.

– சரிய்யா, பேசிகிட்டே நிக்காத. லாட்ஜ விட்டு எங்கயாவது போயிறப் போறான்.

– வந்துடறேன்!

– கதவச் சாத்தாத. தொறந்தே கெடக்கட்டும்.

– இன்னொரு உலை வெச்சு அரிசி போடட்டுமாம்மா?

– போடு. அந்த அப்பளக் கட்டயும் எடு. அப்பளம்னா அவன் சோறே இல்லாமத் தின்பான். பம்பாயில யாரு பொரிச்சுக் குடுப்பா?

– அம்மா.

– என்னட்டி?

– தேவசகாயம் அங்கிள் மாதிரியே பேசிக் காட்டினீங்க. எனக்கு அந்தச் சத்தம் அப்படியே காதுல வந்துது.

– அவரு கீச்சுன்னது நெசந்தான். ரெண்டு தடவ எடுத்ததும் நெசந்தான். 'நடுவுல எடுங்க'ன்னு ஒருத்தன் சொன்னதும் நெசந்தான்.

– அது எனக்கும் ஞாபகம் இருக்கு.

– இருக்குமே.

– ஸ்டான்லி நம்புவானாம்மா?

– சிலாசு நம்பிட்டாம்லா, போதும். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாதுன்னு தம்பிக்கும் தெரியும். அதான் நான் போவாம அவன அனுப்பினேன். நெசம்னு நெனச்சுச் சொல்லுதவன் வாயில வந்தா ஸ்டான்லி மறுபேச்சு பேச மாட்டான்.

– அண்ணன்கிட்ட சொன்னீங்க, தம்பிக்குச் சொல்லி அனுப்பினீங்க. நீ நம்புறியான்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலயேம்மா?

– ஒங்கிட்ட எப்படிட்டி கேப்பேன்? அன்னைக்கு நான் அழுத கண்ணீர் அம்புட்டும் ஒன் உச்சந்தலையிலல்லா விழுந்துது.